பதினோராம் உடன்படிக்கை

ரேச்சலின் அறைக்குச் சன்னல் கிடையாது. ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், முன்பு காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த இடம் அது. அங்கே ஒரு கணினியும் ஒரு மின்விசிறியும் வைத்துக்கொண்டு இருபத்தொரு வருடமாக ஊராரின் எழுத்தை டைப் அடித்துக் கொடுத்துவந்தார். கல்யாணப் பத்திரிகை, நவநாள் செபத் தாள், வீட்டு ஒப்பந்தம், கண்ணீர் அஞ்சலி, வக்கீல் குமாஸ்தா கொண்டுவரும் மனு. எதை அடித்தாலும் அதிலுள்ள பிழையைத் திருத்திவிடுவார். கண்ணீர் அஞ்சலியில் மட்டும் கை வைக்கமாட்டார். அழுதுகொண்டு எழுதியதை அப்படியே விடவேண்டும் என்பார்.

அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். ரேச்சல் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாவும் போனபோது ரேச்சலுக்குப் பத்தொன்பது, தம்பி ஜெரிக்கு ஏழு. பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டிலும் தம்பியை எங்கே விடுவது என்ற பேச்சு எழுந்தது. மூன்றாவதாக யாரும் வரவில்லை. ஜெரி ஐ.டி.ஐ. முடித்து, பயிற்சி எடுத்து, சரக்குக் கப்பலில் மாலுமியானான். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். ரேச்சல் கல்யாணப் பேச்சை எடுத்தால் அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் அலி அக்பர் தன் கையெழுத்துப் பிரதியோடு அந்தப் பின்னறைக்கு வந்தார். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், வீடு மண்ணடியில். போரையும் சமாதானத்தையும் பற்றி நாடுகள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட சட்டங்கள் எப்படி வளர்ந்தன என்று தமிழில் ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஓர் அத்தியாயம் கொண்டுவருவார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் எழுத்து ரேச்சலுக்குப் புரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் அத்தியாயம் ஒரு கப்பலில் தொடங்கியது. நானூறு வருடத்துக்கு முன் கீழைக்கடலில் டச்சு மாலுமிகள் ஒரு போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார்கள். பிடித்தது சரிதான் என்று வாதாட ஓர் இளம் வக்கீலை அமர்த்தினார்கள். கடல் யாருடையது, எந்தப் போர் நியாயமானது என்று அவர் எழுதத் தொடங்கியதிலிருந்து இந்தச் சட்டத்தின் பெரும்பகுதி கிளைத்தது. அதே டச்சுக்காரர்கள் பத்து வருடத்தில் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டுக்கு வந்து கோட்டையும் கட்டிக்கொண்டார்கள்.

ரேச்சல் அடிப்பதை நிறுத்திக் கேட்டார். "அந்தக் கப்பல்ல இருந்தவங்க என்ன ஆனாங்க சார்?"

"உயிரோட விட்டுட்டாங்கம்மா. வழக்கு முழுக்கச் சரக்கைப் பத்திதான்."

"அப்ப பரவால்ல," என்று சொல்லிவிட்டு ரேச்சல் அடுத்த பத்திக்குப் போனார்.

மறு ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுநாள், ஜெரி இருந்த கப்பலைச் செங்கடலின் வாயருகே ஓர் ஆயுதக் குழு பிடித்தது. கப்பலின் சொந்தக்காரர் ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, வேலை செய்த இருபத்திரண்டு பேரும் ஆறு நாட்டுக்காரர்கள். யார் யாருக்கோ இடையே நடந்த சண்டையில் இவர்களுக்கு எந்தப் பக்கமும் இல்லை. கப்பலைக் கரையோரம் கொண்டுபோய் நங்கூரம் பாய்ச்சிவிட்டு, ஆட்களை அதிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஆள் அனுப்பிய ஏஜெண்டின் அலுவலகத்தில்தான் ரேச்சல் பவானியை முதலில் பார்த்தார். பவானியின் கணவர் தாமோதரன் அதே கப்பலில் சமையல்காரர். எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்துக்காரர். முகத்துவாரத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர், அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலை ரசாயனமும் சேர்ந்து இறால் குறையவே கப்பலுக்குச் சமைக்கப் போனார். சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை டப்பாவைப் பவானிதான் நாள் எழுதிக் கட்டி அனுப்பியிருந்தாள். அந்த டிசம்பரில் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் இறங்கி முகத்துவாரம் முழுக்கக் கறுத்திருந்தது. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபோதும் பவானியின் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு இருந்தது.

"பேசிகினு கீறோம், பேசிகினு கீறோம்னு சொல்றானுங்க," என்றாள் பவானி. "யாரு கிட்ட பேசிகினு கீறானுங்கன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்றானுங்க. உனுக்கு இன்னாக்கா தெரியும்?"

"எனக்கும் அதத்தான் சொன்னாங்க," என்றார் ரேச்சல்.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே அலைந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை, மதியத்தில், கப்பலிலிருந்து போன் வரும். இரண்டு நிமிடம். பக்கத்தில் யாரோ நிற்பது மூச்சில் தெரியும். ஜெரி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் பேசுவான். "நல்லா கீறேன்க்கா. அண்ணன் சோறு ஆக்கிப் போடுது. கவலப்படாத."

பிப்ரவரியில் அலி அக்பர் நான்காம் அத்தியாயம் கொண்டுவந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில் ஹேக் நகரத்தில் நாடுகள் கூடிப் போட்ட உடன்படிக்கைகள் அதில் வரிசையாக இருந்தன. நச்சு ஆயுதம், கடல் கண்ணிவெடி, மருத்துவக் கப்பல். ரேச்சல் பதினோராவதுக்கு வந்தார். அதன் ஐந்தாவது விதியை இரண்டு முறை படித்தார். பகைநாட்டு வணிகக் கப்பல் ஒன்று பிடிபட்டால், அதில் வேலை செய்வோரில் நடுநிலை நாட்டவர் எவரோ அவர்கள் போர்க் கைதிகள் ஆக்கப்படுவதில்லை.

"சார், இது இன்னும் சட்டமா?"

"சட்டம்தாம்மா."

"யாரும் அழிக்கலையே?"

"யாரும் அழிக்கலை."

ரேச்சல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "நூத்திப் பதினேழு வருஷத்துக்கு முன்னாடி எந்தம்பியை விட்டுடணும்னு எழுதி வச்சிருக்காங்க. யாருமே எங்ககிட்ட சொல்லலையே சார்."

அலி அக்பர் நிதானமாக விளக்கினார். இது அரசுக்கும் அரசுக்கும் நடக்கும் போருக்காக எழுதியது. ஜெரியைப் பிடித்து வைத்திருப்பவர்களை உலகம் ஓர் அரசாக ஏற்கவில்லை. அரசல்லாத கூட்டத்தையும் கட்டுப்படுத்துகிற சட்டம் இரண்டு உலகப் போர் முடிந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் ஜெனீவாவில்தான் வந்தது. அங்கே செய்த நான்கு உடன்படிக்கைகளிலும் மூன்றாவது விதி ஒரே மாதிரிதான். சண்டையில் பங்கில்லாதவரைப் பணயமாகப் பிடிக்கக் கூடாது, நோயாளியைப் பராமரிக்க வேண்டும்.

"ரெண்டையும் போட்டு எழுதலாமா?"

"எழுதலாம். அமைச்சகத்துக்கு அனுப்பு. காணாமப்போனவங்களைத் தேடுற அமைப்பு ஜெனீவால இருக்கு, அவங்களுக்கு அனுப்பு. ஆனா சத்தமில்லாமப் பண்ணும்மா."

ரேச்சல் மனுவைத் தமிழில் அடித்தார். அலி அக்பர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். தாமோதரனுக்குச் சர்க்கரை என்பதையும் மாத்திரைகளின் பெயரையும் அதில் சேர்த்தார்கள். கையெழுத்துப் போடும்முன் பவானி முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "இத்த எழுதுனவன் யாராச்சும் அங்க போயி சொல்லுவானாக்கா?" என்றாள்.

"எழுதுனவங்க எல்லாம் செத்துட்டாங்க பவானி."

"அப்ப நம்பதான் சொல்லணும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் ஆயிற்று. அமைச்சகத்திலிருந்து மனு கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. ஜெனீவாவிலிருந்து மனுவுக்கு ஒரு பதிவு எண் வந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. கடைக்கு விளம்பரம் அடிக்க வரும் நிருபர் ஒருவர் விஷயத்தைக் கேட்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றார். ரேச்சல் அலி அக்பரிடம் கேட்கவில்லை. பவானியை வரச்சொல்லி, மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். மறுநாள் பத்திரிகையில் வந்தது. அது இணையத்திலும் ஏறியது. தம்பியை விடுவிக்கச் சட்டத்தைக் காட்டிப் போராடும் அக்கா என்று தலைப்பு. ராயபுரத்தில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் நிறுத்திப் பேசினார்கள். அந்த ஒரு வாரம் ரேச்சல் தன் வாழ்நாளில் அறியாத ஒரு தெம்போடு நடந்தார்.

அடுத்த போன் வந்தபோது ஜெரி நலம் சொல்லவில்லை.

"அக்கா, பேப்பர்ல போட்டியா?"

"ஆமாண்டா. சட்டம் இருக்குடா ஜெரி. உங்கள வச்சிருக்கவே கூடாதாம்."

"இனிமே எதுவும் எழுதாத." குரல் தணிந்திருந்தது. "எழுதாதக்கா, இன்னா."

அதோடு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு பத்து மாதம் போன் இல்லை.

இரண்டாயிரத்து இருபத்தைந்து மார்ச்சில், அந்தக் கடற்கரைக்குப் பக்கத்து நாடு ஒன்று நடுவில் நின்று பேசியதில், பிடிபட்டவர்களை விட்டார்கள். இருபத்தொரு பேர். தாமோதரன் ஏழு மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்ற செய்தியும் அதே நாளில்தான் வந்தது. நெஞ்சுவலி என்று ஏஜெண்ட் பவானியிடம் சொன்னார். உடல் எங்கே என்று தனக்குத் தெரியாது என்றார்.

ஜெரி விமான நிலையத்தில் நடந்து வந்தான். தாடி வெளுத்திருந்தது. அக்கா இடப்பக்கம் நின்று பேசியது அவனுக்குக் கேட்கவில்லை. ரேச்சல் வலப்பக்கம் மாறி நின்றார்.

நான்காம் நாள், மத்தியானச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அவனாகச் சொன்னான்.

"பேப்பர்ல வந்துச்சே, அத்த போன்ல காட்டுனானுங்க. உங்கக்கா வக்கீலா, யாரு எழுதச் சொன்னது, உங்களுக்கும் எங்க எதிரிங்களுக்கும் இன்னா சம்பந்தம்னு கேட்டானுங்க. டைப் அடிக்கிற பொம்பளன்னு சொன்னா நம்பல. என்னையும் அண்ணனையும் மட்டும் கப்பல்லேருந்து எறக்கி மலமேல ஒரு வூட்டுக்கு இஸ்த்துகினு போயிட்டானுங்க. கப்பல்ல கேப்டன் கிட்ட மருந்து இருந்துச்சு. அங்க ஒண்ணும் கெடையாது. அண்ணனுக்கு மொதல்ல காலு பழுத்துச்சு."

ரேச்சலின் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"நெஞ்சு வலின்னு சொன்னாங்களே?"

"நெஞ்செல்லாம் வலிக்கல. பதினோரு நாள் ஜொரம். அப்புறம் போயிட்டாரு." ஜெரி தண்ணீர் குடித்தான். "உன்னாலன்னு நான் சொல்லலக்கா. பேப்பர் வரலன்னாலும் எறக்கியிருப்பானுங்களோ இன்னாவோ. எனக்குத் தெரியாது. நீ கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு தோணுச்சு."

மூன்று நாள் ரேச்சல் கடைக்குப் போகவில்லை. நான்காம் நாள் மண்ணடிக்கு, அலி அக்பரின் வீட்டுக்குப் போனார். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுமுடித்து, "சட்டத்தை மீறினவன்தான் பொறுப்பு, ரேச்சல். சட்டத்தை எடுத்துச் சொன்னவங்க மேல எந்தக் காலத்திலயும் பழி வராது," என்றார்.

"அது சட்டம் சார். நான் கேக்க வந்தது அது இல்ல."

"என்ன கேக்கணும்?"

"சத்தமில்லாமப் பண்ணுன்னு நீங்க சொன்னீங்க. நான் கேக்கல. பவானிகிட்ட நான் இதச் சொல்லணுமா, வேணாமா?"

"எனக்குத் தெரியலம்மா," என்றார் அலி அக்பர். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, அந்த மனுவின் ஆங்கிலம் தன்னுடையது என்று மட்டும் சொன்னார்.

ரேச்சல் பஸ் பிடித்துக் காத்திவாக்கம் போனார். பவானி வீட்டு வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பொட்டில்லாத நெற்றி. "வா ரேச்சக்கா, உக்காரு," என்று பலகையை நகர்த்திப் போட்டாள். ரேச்சல் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பத்திரிகை, மலைமேல் வீடு, மருந்து, பழுத்த கால், பதினோரு நாள். ஜெரி சொன்ன 'தெரியாது' என்பதை மட்டும் சொல்லவில்லை. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்.

பவானியின் விரல்கள் இரண்டு மூன்று இறால்வரை உரித்துக்கொண்டே இருந்தன. பிறகு நின்றன.

"பதினோரு நாளா?"

"ஆமா பவானி."

"நானும்தான் அந்தப் போட்டோல சிரிச்சிகினு நின்னேன்," என்றாள் பவானி. எழுந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நீ போம்மா."

அதுவரை அவள் ஒருநாளும் ரேச்சலை அக்கா சேர்க்காமல் கூப்பிட்டதில்லை.

ரேச்சல் மறுபடியும் கடைக்குப் போகத் தொடங்கினார். பத்திரிகை, நோட்டீஸ், ஒப்பந்தம் எல்லாம் அடித்தார். மனு என்று யாராவது வந்தால் வேறு கடைக்கு அனுப்பிவிடுவார். அலி அக்பரின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் மேசையில் அப்படியே கிடந்தன. அவரும் கேட்டு வரவில்லை. ஜெரி வீட்டில் உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்கும் சத்தம் கேட்டால் வலக்காதை மூடிக்கொள்வான். பிறகு அவனாகவே எண்ணூர் பக்கம் ஒரு சரக்குக் கொட்டகையில் மூட்டைக் கணக்கெடுக்கும் வேலைக்குப் போனான். கடல் தெரியாத இடம் என்பதால் ஒத்துக்கொண்டான்.

மே மாதம், வெயில் கொளுத்திய ஒரு முற்பகலில், பவானி பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

"அவரு எங்க கீறாருன்னு எழுதித் தரணும்," என்றாள்.

ரேச்சல் எழுந்து நின்றார். "நான் எழுதுறதில்ல பவானி. வேற யாரையாச்சும்..."

"வேற யாரு கிட்ட போவேன்? எந்தெந்த ஆபீசுக்கு எழுதுனோம்னு உனுக்குத்தான் தெரியும். இன்னா நம்பர் குடுத்தானுங்கன்னு உனுக்குத்தான் தெரியும்." பவானி உள்ளே வராமலே பேசினாள். "உன் மேல எனக்கு ஆத்திரம் கீது. அது போவும்னு நான் சொல்லமாட்டேன். அத்தயும் இத்தயும் சேக்காத. ஆளு எங்க பொதஞ்சி கீறாருன்னு ஒரு பேப்பர்ல இருக்கணும். அவ்ளோதான்."

அன்று மாலை ஜெரி ஒரு தாளில் வரைந்தான். மலைமேல் வீடு, அதற்குக் கீழே வறண்ட ஓடை, ஓடைக்கு அந்தப்புறம் மூன்று முள்மரம், நடுமரத்திலிருந்து பதினெட்டு காலடி. ஊரின் பெயரைக் காவலுக்கு இருந்தவன் சொல்லிக் கேட்டிருந்தான். அதைக் காதில் விழுந்தபடியே எழுதினான். எழுதும்போது அக்காவிடம் சொன்னான், காவலுக்கு நின்ற இரண்டு பேரில் ஒருவன் தானும் மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினான், நாய் தோண்டாமல் இருக்கக் கல் கொண்டுவந்து அடுக்கினான் என்று. "அவன் பேரு கேக்கல," என்றான்.

ரேச்சல் அலி அக்பரை வரச்சொன்னார். வந்தவர் மேசையில் கிடந்த தன் அத்தியாயத்தையே எடுத்துப் பிரித்தார். அடைத்து வைத்திருக்கும்போது இறந்தவரை மரியாதையோடு அடக்கம் செய்யவேண்டும், கல்லறைக்கு அடையாளம் வைக்கவேண்டும், இடத்தின் விவரம் போய்ச் சேரவேண்டும் என்று நாற்பத்தொன்பதில் எழுதியிருந்தார்கள். எழுபத்தேழில் இன்னொரு வரி சேர்த்தார்கள். தம் உறவினர் என்ன ஆனார் என்று அறிவது குடும்பத்தின் உரிமை. போரையே ஒழித்துவிட்டோம் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் பாரிஸில் கையெழுத்துப் போட்ட நாடுகள்தான் இதையும் எழுதின என்று அலி அக்பர் தனக்குள் போலச் சொல்லிக்கொண்டார்.

ரேச்சல் அடிக்க உட்கார்ந்தார். தாமோதரன் என்ற பெயரில் மூன்று முறை பிழை விழுந்தது. இத்தனை வருடத்தில் ஒரு பெயரை அவர் தப்பாக அடித்ததில்லை. எந்தப் பத்திரிகைக்கும் போகக் கூடாது என்று மனுவின் தலையில் ஒரு வரி சேர்த்தார். ஜெரியின் படத்தைப் பின்னால் வைத்து ஜெனீவாவுக்கு அனுப்பினார்கள்.

பதில் நவம்பரில் வந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். மூன்று மரத்தில் இரண்டுதான் மிச்சம். கற்கள் இருக்கின்றன. ஒரு பலகையில் பெயர் எழுதி நட்டிருக்கிறார்கள். இடம் பதிவாகிவிட்டது. இப்போதைய நிலையில் உடலை எடுத்து அனுப்ப வழியில்லை, நிலைமை மாறினால் தெரிவிப்போம்.

பவானியை வரச்சொன்னார்கள். ஜெரியும் இருந்தான். ரேச்சல் கடிதத்தைத் தமிழில் படித்தார். பவானி தாளை வாங்கி, படிக்கத் தெரியாத ஆங்கில எழுத்துகளுக்குள் கணவன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். ரேச்சல் விரலால் காட்டினார். பவானி அந்த இடத்தைத் தடவிக்கொண்டே ஜெரியைப் பார்த்தாள்.

"மேல இன்னாடா போத்துனீங்க?"

"என் கைலிய, அண்ணி. வேற ஒண்ணும் இல்ல."

"கடைசில எதுனா கேட்டாரா?"

"தண்ணி கேட்டாரு. குடுத்தேன். உங்க பேரச் சொன்னாருன்னு சொல்லலாம். ஆனா சொல்லல அண்ணி. அவருக்கு நெனவு இல்ல."

பவானி தலையை ஆட்டினாள். பொய் சொல்லாததற்கு நன்றி சொல்வது போலவும் இருந்தது, இனி எதுவும் சொல்லாதே என்பது போலவும் இருந்தது. தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அலி அக்பரின் நூல் மறு ஜனவரியில் அச்சாகி வந்தது. கடைசி அத்தியாயங்களையும் ரேச்சலே அடித்தார். தாமோதரன் கதையை முன்னுரையில் சேர்க்கட்டுமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றார். அவரும் வற்புறுத்தவில்லை. ஜெரி இன்னும் கொட்டகைக்குத்தான் போய்வருகிறான்.

பவானி மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள், மீன் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில், ஜெராக்ஸ் கடைக்கு வருகிறாள். பின்னறை வாசலில் நின்று, "எதுனா வந்துச்சா?" என்று கேட்கிறாள். ரேச்சல் ஒவ்வொரு முறையும் கணினியைத் திறந்து, வந்த அஞ்சல்களை மேலிருந்து கீழே ஒன்றுவிடாமல் பார்க்கிறார். பார்த்துவிட்டு, இல்லை என்கிறார். உள்ளே நாற்காலி இருக்கிறது. பவானி உட்காருவதில்லை. சரி என்று சொல்லிவிட்டுக் காலிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறாள்.